அடுத்த மாசம் புது சிப் வருதாம், லேப்டாப் இப்ப வாங்கலாமுங்களா?

வாசகர் கேள்வி: அண்ணா வணக்கமுங்க. நான் திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் வீட்டுல இருந்தே எம்ப்ராய்டரி பஞ்சிங், அதாவது டிசைனை எம்ப்ராய்டரி மெஷின் தைக்கற ஃபைலா மாத்தற வேலை பண்ணிக் குடுக்கறேன். 2018ல வாங்குன லேப்டாப், ஐ5 எட்டாவது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் பண்ணி வச்சுட்டு காபி போட்டுக் குடிச்சுட்டு வந்தாலும் இன்னும் சுத்திட்டே இருக்குது. பஞ்சிங் சாஃப்ட்வேரும் படம் வரையற கோரலும் ஒட்டுக்கா தொறந்தா அப்படியே நின்னுருது. பேட்டரி 15 நிமிஷந்தான். 60 ஆயிரம் சேத்து வச்சிருக்கேன், ஆனா ரெண்டு வருஷமா வாங்கலீங்க. கடைக்கு கெளம்பறப்பெல்லாம் வீட்டுக்காரர் "அடுத்த மாசம் புது ப்ராசஸர் வருதாம், இப்ப வாங்குனா பழசாயிரும்"ங்கறார். என்ற தம்பி "ஏஐ லேப்டாப்தான் வாங்கோணும்"ங்கறான். போன மாசம் ஒரு டிசைன் ஒரு நாள் லேட்டாயிருச்சு, அந்த யூனிட்காரங்க அடுத்த வேலைய வேற எடத்துக்கு குடுத்துட்டாங்க. எப்பத்தான் வாங்கறது, சொல்லுங்கண்ணா.

பதில்:

அம்மணி, வணக்கமுங்க. மொதல்ல பதிலைச் சொல்லிப்போடறேன், பொறவு காரணம் சொல்றேன். இந்த வாரம் புது லேப்டாப் வாங்க வேண்டாம், ஆனா புது சிப்புக்காக (ப்ராசஸர்ங்கறதும் அதேதான்) காத்திருக்கவும் வேண்டாம். இருக்கற மெஷினைத் தொறந்து சுத்தம் பண்ணி, ஹார்ட் டிஸ்க்கைவிட வெசையா ஓடற எஸ்எஸ்டி போடுங்க, ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. அதுக்கப்பறமும் உங்க டெலிவரி தள்ளிப் போச்சுன்னா அடுத்த நாளே கடைக்குப் போயி அன்னைக்கு உங்க காசுக்கு எது நல்லதா இருக்குதோ அதை வாங்கிட்டு வந்துருங்க, அடுத்த மாசம் என்ன வருதுன்னு ஒருத்தருகிட்டயும் கேக்காதீங்க.

நான் கோயமுத்தூர்ல காந்திபுரம் பக்கம் 22 வருஷமா லேப்டாப் சர்வீஸ் பண்றேன். இதுல "புதுசு வருது"ங்கற பேச்சு இல்லாத மாசம் ஒண்ணு கூட நான் பாத்ததில்லீங்க. உங்க வீட்டுக்காரர் சொல்றது பொய் இல்ல, அவர் சொல்றது எந்த மாசம் சொன்னாலும் உண்மைதான், சிக்கலே அங்கதான் இருக்குது. ஜனவரி ஆனா அமெரிக்காவுல லாஸ் வேகாஸ்ல சிஇஎஸ் கண்காட்சி, அங்க சிப் கம்பெனிங்களான இன்டெல்லும் ஏஎம்டியும் புது சிப் காட்டுவாங்க, மே கடைசி ஜூன் வாக்குல தைவான்ல கம்ப்யூடெக்ஸ், அங்க இன்னொரு வாட்டி, ஆப்பிள்காரங்க அவங்க தனியா ஒரு நாள் வச்சுக்குவாங்க. இன்டெல்ல மட்டும் எடுத்துக்குங்க, 2023 டிசம்பர்ல கோர் அல்ட்ரான்னு பேரையே மாத்தி மீட்டியர் லேக் வந்துச்சு, 2024 செப்டம்பர்ல லூனார் லேக், 2025 ஜனவரில ஆரோ லேக்னு லேப்டாப்புக்கு, 2026 ஜனவரில பேந்தர் லேக். ரெண்டு வருஷத்துக்கு சித்த எச்சா, அதுக்குள்ள நாலு பேரு. நீங்க நாலு வாட்டியும் கெளம்பி நாலு வாட்டியும் வீட்டுலயே உக்காந்துட்டீங்க.

அப்பறம் "பழசாயிரும்"ங்கறாரே, அதை சித்த ரோசனை பண்ணிப் பாருங்க. பக்கத்து யூனிட்ல புது நிட்டிங் மெஷின் எறக்குனா உங்க யூனிட் மெஷின் ஓட்டற துணி கம்மியாகுதுங்களா? அதே மாதிரிதான் இதுவும், புது சிப் வந்த அன்னைக்கு உங்க லேப்டாப் ஒரு நொடி கூட மெதுவாகாது. அது மெதுவாகறதுக்கு வேற காரணம் இருக்குது, அதுக்கு வர்றேன்.

காத்திருக்கறதே தப்புன்னு நான் சொல்லலீங்க, சில நேரம் அது பெரிய லாபம். இன்டெல் 2015ல ஸ்கைலேக்னு ஒண்ணு விட்டாங்க, அதோட கோரையே, அதாவது சிப்புக்குள்ள வேலை செய்யற பகுதியையே, அங்கங்க தட்டி ஒட்டி 2019 வரைக்கும் வேற வேற பேர்ல வித்தாங்க, அந்த காலத்துல ஆறாவது ஜெனரேஷனுக்கும் ஏழாவதுக்கும் எங்க கடைக்கு வர்ற ஆளுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா நடுவுல 2017 ஆகஸ்ட்ல எட்டாவது ஜெனரேஷன் வந்தப்ப சாதாரண லேப்டாப் ஐ5ல இருந்த ரெண்டு கோரு நாலு கோரு ஆச்சு, அது நெசமாவே பெரிய தாண்டு. எனக்கு அதுல இன்னும் ஒரு வருத்தம் இருக்குது. 2017 ஜூலைல பெருந்துறைல இருந்து ஒரு பையன் காலேஜுக்கு லேப்டாப் கேட்டு அவங்கப்பாகூட வந்தான், நான்தான் ஏழாவது ஜெனரேஷன் ஐ5 எடுத்துக் குடுத்தேன், ரெண்டு மூணு மாசத்துல கிட்டத்தட்ட அதே விலைக்கு நாலு கோர் மெஷின் வந்து நின்னுச்சு. அதோட விட்டுச்சா, பின்னால விண்டோஸ் 11 வந்தப்ப இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் ஏத்துக்குவோம்னு மைக்ரோசாஃப்ட் கோடு போட்டுட்டாங்க, அந்தப் பையனோட மெஷின் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு போச்சு. சித்த விசாரிச்சிருந்தா அந்தக் குடும்பத்தை ரெண்டு மாசம் பொறுக்கச் சொல்லியிருக்கலாம்.

அதுல இருந்து நான் ஒரு அளவு வச்சிருக்கறேன். புதுசு இன்னதுன்னு கம்பெனியே அறிவிச்சாச்சு, உங்களுக்கு வேண்டிய விலையில இருக்கற மாடல் ரெண்டு மாசத்துக்குள்ள நம்ம ஊர் கடைக்கு வந்துரும்னு தெரியுது, உங்க வேலையும் அதுவரைக்கும் நிக்காது, இந்த மூணும் சேந்திருந்தா காத்திருங்க. ஜனவரில மேடையில காட்டறது அந்த மாசமே திருப்பூருக்கு வந்துராது, மொதல்ல வர்றது லட்ச ரூபாய்க்கு மேல இருக்கற மாடலுங்க, 60 ஆயிரத்துக்குள்ள எறங்கி வர்றதுக்கு நாளாகும். அதனால "வருதாம்"ங்கற பேச்சுக்கு நீங்க காத்திருந்தா, அது உங்க பட்ஜெட்டுக்கு வர்றப்ப அடுத்த "வருதாம்" கெளம்பியிருக்கும்.

இப்ப நல்ல சேதி ஒண்ணு. நான் மேல சொன்ன அந்த பெரிய தாண்டு இருக்குதே, உங்க கையில இருக்கறது அந்த ஜெனரேஷன் மெஷினேதான். எட்டாவது ஜெனரேஷன் ஐ5ன்னா நாலு கோரு, விண்டோஸ் 11ம் ஏறும். ப்ராசஸர் இன்னும் தெம்பாத்தான் இருக்குது, அதைச் சுத்தி இருக்கறதுதான் நொந்து போச்சு.

அதை நீங்களே பாக்கலாம். காலைல ஆன் பண்ணி பஞ்சிங் சாஃப்ட்வேரையும் கோரலையும் தொறந்துட்டு, கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணு பட்டனையும் ஒட்டுக்கா அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பர்ஃபாமன்ஸ்னு இருக்கறதைத் தொட்டா சிபியு (ப்ராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் மூணுக்கும் கோடு ஓடும். நீங்க எழுதுனதை வச்சுப் பாத்தா டிஸ்க் 100லயே அசையாம நிக்கும், சிபியு 20, 30ல சும்மா ஆடிட்டு இருக்கும்னு நெனைக்கறேன். அதாவது வேலை செய்யறவன் கை கட்டி நிக்கறான், சரக்கு எடுத்துக் குடுக்கறவன்தான் ஆமை வேகத்துல வர்றான். ஹார்ட் டிஸ்க்குள்ள ஒரு தட்டு சுத்துதுங்க, லேப்டாப்புல பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுத்து, அதுமேல ஒரு கை அங்கயும் இங்கயும் ஓடி ஒவ்வொரு துண்டா தேடி எடுக்குது. ஒரே பெரிய ஃபைலுன்னா நொடிக்கு 100 எம்பி கிட்ட குடுக்கும், ஆனா விண்டோஸ் ஏர்றதுங்கறது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைலு, அதுல ஒண்ணு ரெண்டு எம்பிக்கே தெணறிப் போயிரும். எஸ்எஸ்டில தட்டும் இல்ல கையும் இல்ல, சாட்டாங்கற சாதாரண வகை எஸ்எஸ்டியே நொடிக்கு 500 எம்பிக்கு மேல குடுக்கும், சின்ன ஃபைலுல வித்தியாசம் அதைவிட பல மடங்கு. காபி குடிச்சுட்டு வந்தாலும் சுத்துதுன்னு எழுதுனீங்களே, அது அரை நிமிஷம் ஆயிரும், மிஞ்சிப் போனா ஒரு நிமிஷம்.

உங்க மெஷின்ல எஸ்எஸ்டி சொருகற எம்.2 ஸ்லாட் காலியா இருந்தா எஸ்எஸ்டியை அதுல போட்டுட்டு பழைய ஹார்ட் டிஸ்க்கை டிசைன் சேத்து வைக்க அப்படியே விட்டுரலாம், ஆனா அந்த ஸ்லாட் சாட்டா வகைய ஏத்துக்குமா, அதைவிட வெசையான என்விஎம்இ வகைய ஏத்துக்குமான்னு மாடல் நம்பரை வச்சுப் பாத்துட்டு வாங்கோணும், பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஸ்லாட் இல்லீன்னா ஹார்ட் டிஸ்க் இருக்கற எடத்துலயே ரெண்டரை இன்ச் எஸ்எஸ்டி உக்காந்துக்கும். இதுக்கும் சுத்தம் பண்றதுக்கும் சேத்து உங்க 60 ஆயிரத்துல ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.

சுத்தம் பண்றதை சாதாரணமா நெனச்சுராதீங்க, திருப்பூர் லேப்டாப்புக்கு இது ரொம்ப முக்கியம். உங்க ஊர்ல இருந்து வர்ற மெஷினை பின்பக்க மூடி கழட்டுனதும் எனக்குத் தெரிஞ்சு போயிரும். ஃபேனுக்கும் அதுக்கு முன்னால இருக்கற செம்புத் தகட்டு வரிசைக்கும் நடுவுல பஞ்சு அப்படியே படிஞ்சு கம்பளித் துணி மாதிரி ஒரு பட்டை ஆயிருக்கும், ட்வீசர்ல ஒரு மூலைய புடிச்சு இழுத்தா முழுசா ஒரே துண்டா வரும். போன வருஷம் ஒரு கட்டிங் யூனிட் மெஷின்ல இருந்து எடுத்த பட்டைல நேவி ப்ளூவும் மெரூனும் வரி வரியா இருந்துச்சு, அந்த சீசன்ல அவங்க எந்த கலர் துணி ஓட்டுனாங்கன்னு அதப் பாத்தே சொல்லலாம். அந்தப் பட்டை அடைச்சா சூடு வெளிய போகாது, ப்ராசஸர் 95 டிகிரிக்கு மேல போனா தன்னைக் காப்பாத்திக்க தானே வேகத்தைக் கொறச்சுக்கும். ப்ராசஸருக்கு மேல வைக்கற தெர்மல் பேஸ்ட்டும் எட்டு வருஷத்துல காஞ்ச சுண்ணாம்பு மாதிரி உதுந்து போயிருக்கும். அந்த கட்டிங் யூனிட் மெஷின் வர்றப்ப 97 டிகிரி, சுத்தம் பண்ணி பேஸ்ட் மாத்துனதுக்கு அப்பறம் அதே வேலைக்கு 74. ஒரு பார்ட்டும் மாத்தல. ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு லேப்டாப்பை எடுத்துட்டுப் போறீங்கன்னா ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டியாவது இதைப் பண்ணோணும்.

பேட்டரி 15 நிமிஷம்ங்கறீங்க, எட்டு வருஷத்து லித்தியம் பேட்டரிக்கு அது சகஜந்தான். ஆனா ஒண்ணு மட்டும் இன்னைக்கே பாருங்க, டச்பேடு மேல தூக்கிட்டு நிக்குதா, லேப்டாப்பை சமமான டேபிள்ல வச்சா ஆடுதா. அப்படி இருந்தா பேட்டரி உப்பியிருக்குதுன்னு அர்த்தம், அதை சார்ஜ் போடாதீங்க, குத்தாதீங்க, அமுக்காதீங்க, நேரா சர்வீஸ்க்கு எடுத்துட்டுப் போயிருங்க. வீட்டுல கொழந்தைங்க இருந்தா இன்னும் சாக்கிரதை.

ரேமுக்கு வர்றேன். ரெண்டு சாஃப்ட்வேரும் தொறந்திருக்கறப்ப மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டி நின்னா இன்னொரு 8 ஜிபி போட்டு 16 ஆக்கறது நல்லது, அதுக்குக் கீழ இருந்தா எஸ்எஸ்டி மட்டும் போட்டுப் பாருங்க. இதை ஏன் பாத்துச் சொல்றேன்னா 2025 கடைசில இருந்து ரேம் விலை தாறுமாறா ஏறிக் கெடக்குது. ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரி சிப்பை மொத்தமா அள்ளிட்டுப் போறாங்க, தயாரிக்கறவங்களும் அந்தப் பக்கமே சாஞ்சுட்டாங்க, மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பர்ல க்ரூஷியல்ங்கற பேர்ல கடையில விக்கற ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே நிறுத்தறோம்னு அறிவிச்சுட்டாங்க. உங்க மெஷினுக்கு டிடிஆர்4 ரேம், பழைய மெஷின்ல இருந்து எடுத்த நல்ல ஸ்டிக் சர்வீஸ் கடையில கெடைக்கும், டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லி வாங்குங்க.

இதுல உங்க வீட்டுக்காரருக்கு ஒரு பதிலும் இருக்குது. "காத்திருந்தா நல்லது கம்மி விலைக்கு கெடைக்கும்"ங்கறது ரொம்ப வருஷம் உண்மையா இருந்துச்சு, நானே அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். மெமரி விலை ஏர்றப்ப அது உண்மை இல்லீங்க, போன வருஷம் 16 ஜிபி கெடைச்ச விலைக்கு இப்ப 8 ஜிபி வச்சு விக்கறதைக் கண்ணால பாக்கறேன். சிப் புதுசாகும், விலையும் ஏறும், ரெண்டும் ஒட்டுக்கா நடக்கும்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. தனியா பதிஞ்சவங்களுக்கு பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும். எஸ்எஸ்டி போடறப்பவே விண்டோஸ் 11 ஏத்திக்கறது நல்லது, பயாஸ்ங்கற அடிப்படை செட்டிங்ல, விண்டோஸ் 11 கேக்கற டிபிஎம்ங்கற பாதுகாப்பு வசதி ஆன்ல இருக்குதான்னு பாக்கச் சொல்லுங்க. ஆனா அதுக்கு முன்னால உங்க பஞ்சிங் சாஃப்ட்வேர் டாங்கிள்ல, அதாவது யூஎஸ்பில சொருகற லைசென்ஸ் சாவியில ஓடுதான்னு பாருங்க. பழைய வெர்ஷன், பழைய டாங்கிள் டிரைவர், விண்டோஸ் 11ல எடுக்குமான்னு உங்களுக்கு சாஃப்ட்வேர் குடுத்தவங்களக் கேட்டுட்டுத்தான் கை வைக்கோணும். இதைக் கேக்காம பண்ணிப்போட்டு, நாலு நாள் வேலை நின்னு, திரும்ப பழைய விண்டோஸ் ஏத்துனவங்களும் இருக்கறாங்க.

எஸ்எஸ்டி மாத்தறதுக்கு முன்னால டிசைன் எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல ஒண்ணு, வேற எடத்துல ஒண்ணுன்னு ரெண்டு காப்பி எடுங்க. எம்ப்ராய்டரி மெஷினுக்குக் குடுக்கற டிஎஸ்டி ஃபைலு மட்டும் இருந்தா போதும்னு விட்றாதீங்க, அதுல தையல் எங்க விழோணும்ங்கறது மட்டுந்தான் இருக்கும், நாளைக்கு சைஸ் மாத்தோணும்னா சாஃப்ட்வேரோட சொந்த ஃபைலு வேணும். இதைச் சொல்றப்ப எனக்கு ஈரோட்டுல மஞ்சள் மண்டிக்கு கணக்கு எழுதற ஒரு பெரியவர் நெனப்பு வருது. ஹார்ட் டிஸ்க்ல டிக் டிக்னு சத்தம் வருதுன்னு எங்கிட்ட காட்டுனார், மாத்திருங்கன்னேன், "மூணு மாசத்துல புது மாடல் வருதாம், அப்ப ஒட்டுக்கா மாத்திக்கறேன்"னார். மார்ச் மாசம் கணக்கு முடிக்கற நேரத்துல டிஸ்க் போயிருச்சு. டேட்டா எடுக்க வெளியூருக்கு அனுப்பி, பாதிதான் வந்துச்சு, மிச்சத்தை பில்லு பில்லா பாத்து ஏப்ரல் முழுக்க மறுபடி ஏத்துனார். அந்த வயசுல அவர் ராத்திரி உக்காந்து டைப் பண்ணதை நெனச்சா இப்பவும் மனசு கேக்க மாட்டேங்குது. உங்க டிஸ்க்ல அந்த மாதிரி சத்தம் கேட்டா இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள காப்பி எடுங்க.

சரி, இத்தனையும் பண்ணியாச்சு, ஒரு மாசம் ஓட்டறீங்க. அந்த ஒரு மாசம் ஒரு நோட்டு போடுங்க. மெஷினுக்காக நீங்க சும்மா உக்காந்திருந்த நேரத்தை மட்டும் அதுல குறிங்க, அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு. இப்ப இருக்கற நெலமைல ஒரு நாளைக்கு 40 நிமிஷம் போகுதுன்னு வச்சுக்குங்க, மாசம் 25 நாள் வேலைன்னா 1000 நிமிஷம், பதினாறு பதினேழு மணி நேரம், அது உங்களுக்கு முழுசா ரெண்டு நாள் கூலி. எஸ்எஸ்டி போட்டதுக்கு அப்பறம் அது பத்து நிமிஷமா கொறஞ்சுதுன்னா நீங்க இன்னும் ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம் நிம்மதியா இதுலயே ஓட்டலாம். கொறையல, இல்ல இன்னொரு டெலிவரி தவறுது, இல்ல மதர்போர்டு போயி புது லேப்டாப் விலைல மூணுல ஒரு பங்கு ரிப்பேருக்குக் கேக்கறாங்க, இல்ல உங்க பஞ்சிங் சாஃப்ட்வேரோட புது வெர்ஷன் இதுல ஓடாதுங்கறாங்க, இதுல ஏதாவது ஒண்ணு நடந்தா அன்னைக்குத்தான் நீங்க வாங்க வேண்டிய நாள். அந்தத் தேதிய உங்க வேலைதான் குறிக்கோணும், லாஸ் வேகாஸ்ல குறிக்கக் கூடாது.

அந்த நாள் வந்து கடைக்குப் போறீங்க. உங்க பட்ஜெட்டுக்கு போன வருஷத்து நல்ல மாடல்தான் வாங்கோணும், புதுசு வந்ததுக்கு அப்பறமும் பழசு கொஞ்ச நாள் கடையில இருக்கும், பெரும்பாலும் புதுசைவிட கம்மி விலைக்கு. 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, இதுக்குக் கீழ போகாதீங்க. ரேம் போர்டுலயே ஒட்டுனதா, கழட்டற மாதிரி ஸ்லாட் இருக்குதான்னு கேளுங்க, ஒட்டுனதா இருந்தா பின்னால கூட்ட முடியாது. நீங்க வீட்டுல ப்ளக்குல போட்டே வேலை பாக்கறதால சிப் பேரு கடைசில யூன்னு முடியறதைவிட எச்னு முடியறது உங்களுக்கு ஒத்து வரும், சித்த கனமா இருக்கும், சூடும் எச்சாத்தான், ஆனா வேலை வெசையா ஓடும்.

பேரப் பாத்து ஏமாந்துராதீங்க, இதுல எனக்கு நெசமாவே கோவம் வரும். புதுப் பேருக்குள்ள பழைய சிப்பை வச்சு விக்கறது நெறைய நடக்குது. ஏஎம்டி ரைசன் 7000 வரிசைல மூணாவது நம்பரைப் பாருங்க, 7520யூல 2 இருக்குதே அது ஜென் 2, 2019ல வந்த டிசைன், 7530யூ ஜென் 3, 7540யூ ஜென் 4. மூணும் ரைசன் 5தான், மூணும் கடையில பக்கத்துல பக்கத்துல நிக்கும், வாங்கறவங்களுக்கு எப்படிங்க தெரியும்? இன்டெல்லயும் அல்ட்ராங்கற பேரு இல்லாம 2024ல கோர் 5 120யூன்னு வந்துச்சு, உள்ள இருக்கறது பதிமூணாவது ஜெனரேஷன் வகையறாதான். அது மோசமான சிப் இல்ல, ஆனா புதுசுன்னு சொல்லி எச்சா காசு கேட்டா குடுக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் பயப்படற "பழசாயிரும்"ங்கறது இங்கதான் நடக்குது, வாங்கற அன்னைக்கே.

தம்பி சொல்ற ஏஐ லேப்டாப் பத்தி. மைக்ரோசாஃப்ட் 2024 மே மாசம் கோபைலட் ப்ளஸ் பிசின்னு ஒரு வகை அறிவிச்சாங்க, அதுக்கு 40 டாப்ஸ் (வேகத்தோட அளவு) என்பியூ, அதாவது ஏஐ வேலைக்குன்னே சிப்புக்குள்ள இருக்கற பகுதி, 16 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ் இருக்கோணும். கெட்டது இல்லீங்க, ஆனா நீங்க எழுதியிருக்கற வேலைக்கு அந்த என்பியூவால ஒரு தையல் கூட வெசையா விழாது. ஒரே விலைல அது கெடைச்சா எடுத்துக்குங்க, அதுக்குன்னு எச்சா குடுக்கற காசை ஸ்க்ரீன்ல போடுங்க.

ஸ்க்ரீனுக்குத்தான் நீங்க சண்டை போடோணும். 60 ஆயிரத்துக்குள்ள வர்ற லேப்டாப்புல நெறைய மாடலுக்கு, ஸ்க்ரீன் எத்தனை கலர் காட்டும்ங்கற அளவை 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும், அதுல செகப்பு ஒழுங்கா செகப்பா வராது, மெரூனும் பிரவுனும் ஒண்ணாத் தெரியும். இன்னொரு கலர் அளவான எஸ்ஆர்ஜிபி நூறு சதவீதம்னு போட்டிருக்கறதைத் தேடுங்க. கடைக்குப் போறப்ப உங்க நூல் ஷேட் கார்டைக் கையில எடுத்துட்டுப் போங்க, நீங்க அடிக்கடி போடற ஒரு டிசைனை பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போயி ஸ்க்ரீன்ல தொறந்து, கார்டை ஸ்க்ரீன் ஓரமா புடிச்சு நாலு செகப்பு, நாலு நீலம் வச்சுப் பாருங்க. கடைக்காரங்க என்ன நெனைப்பாங்களோன்னு தயங்க வேண்டாம், எங்கிட்ட அப்படி வந்து பாக்கறவங்க வாங்கிட்டுப் போயி திரும்ப வந்து வருத்தப்பட்டதே இல்ல.

நாள் பாக்கறதுன்னா ரெண்டு விசயம் பாருங்க. தீபாவளி ஆர்டர் ஓடற நேரத்துல மெஷின் மாத்தாதீங்க, டாங்கிள், டிரைவர், ஃபான்ட்டு, பழைய டிசைன் எல்லாம் ஏறி கை பழகறதுக்கு நாலஞ்சு நாள் ஆகும். நோம்பி ஆஃபர்ல வாங்குனா உடனே தொறந்து ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாத்துருங்க, திருப்பிக் குடுக்கற நாள் கணக்கு ரொம்பக் கம்மி, வேலைய மட்டும் தீபாவளி முடிஞ்சு மாத்திக்கலாம். இன்னொண்ணு வரி. லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், உங்க பேர்ல ஜிஎஸ்டி பதிவு இருந்தா பில்லுல உங்க நம்பர் போட்டு வாங்குங்க, அந்தத் தொகைய உங்க வரில கழிச்சுக்கலாம். வருமான வரில கணக்கு எழுதிக் காட்டறவங்களுக்கு கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு, ஆனா அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் கம்மியா வச்சிருந்தா அதுல பாதிதான், அதனால செப்டம்பருக்குள்ள வாங்குனா முழுசும் கெடைக்கும். உங்க கணக்கு எந்த வகைன்னு ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

புதுசு வந்தாலும் பழசை வித்துறாதீங்க அம்மணி. எஸ்எஸ்டி போட்ட மெஷின் கைக்கு உதவியா இருக்கட்டும், அதுல பஞ்சிங் சாஃப்ட்வேரை அப்படியே விட்டு வைங்க, டாங்கிளை மாத்திச் சொருகுனா ஓடோணும். புதுசு ஒரு நாள் மக்கர் பண்ணுனாலும் யூனிட்காரங்களுக்கு டிசைன் போயிரும்.

இப்போதைக்கு டாஸ்க் மேனேஜர்ல அந்த மூணு கோடும் ஓடறதை போட்டோ எடுத்து, லேப்டாப்பு அடில ஒட்டியிருக்கற மாடல் நம்பரோட அனுப்புங்க. எந்த எஸ்எஸ்டி உக்காரும், ரேம் வேணுமா வேண்டாமான்னு பாத்துச் சொல்றேன்.